நீ நீக்கிய பெயர்

அன்பு மகனுக்கு,

சௌக்கியமா என்று கேட்டுத் தொடங்கும் கடிதம் இல்லை இது. நீ சௌக்கியம்தான். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தேனே, கல்யாணக் களை வந்து கன்னம்கூடக் கொஞ்சம் பூசியிருக்கிறது. எங்களுக்கும் ஒரு குறையும் இல்லை. பத்திரிகை யார் யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று நீ வாட்ஸப்பில் அனுப்பிய பட்டியலை முந்தாநாள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். திமிரி அத்தை இருக்கிறாள். உன்னைப் பத்தாம் வகுப்பில் முட்டிபோட வைத்த கணக்கு வாத்தியார் இருக்கிறார். உனக்கு முடிவெட்டுகிறவர்கூட இருக்கிறார். நம் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற நசீமாக்காவின் பெயர் மட்டும் இல்லை. விரல் வைத்து மூன்று முறை தேடினேன். இல்லை என்று நிச்சயமானதும் எனக்கு வந்தது வருத்தம் இல்லை, சந்தோஷம். பாயசம் வைத்துக் குடிக்கலாம் போல இருந்தது. எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று முடிவுசெய்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன பாராளுமன்றத் தேர்தலில் அவள் சுயேச்சையாக நின்றபோது நீ ஜெர்மனியிலிருந்து வந்து அவளுக்காகப் பிரச்சாரம் செய்தாய். யாரோ மனுப் போட்டார்கள். அதிகாரிகள் வந்து உன்னை ஊரைவிட்டு அனுப்பினார்கள். மறுபடி விசா வாங்க உனக்கு இத்தனை நாள் ஆனது. மனுப் போட்டது நசீமாக்காதான், தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்து அவளோடு பேசுவதையே விட்டுவிட்டாய். அது உண்மையில்லை. யார் என்று நான் சொல்லத்தான் போகிறேன், நீ அதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாய். இது ஒளித்துப் படிக்கும் கடிதமும் இல்லை. உனக்கு வரப்போகிறவள் படிக்கட்டும், நசீமாக்கா படிக்கட்டும், நம் பேரணாம்பட்டு ஊரே படித்தாலும் சரி.

எனக்கு அவள்மேல் பொறாமை எப்போது தொடங்கியது என்று எனக்கே நினைவில்லை. உனக்கு நான்கு வயதில் டைபாய்டு வந்தபோது எனக்கு வேலூரில் அங்கன்வாடிப் பயிற்சி. அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் ஷிப்ட். ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் லீவு போட்டுவிட்டு உன்னை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டினாள். நான் பஸ் இறங்கி ஓடிவந்தால் நீ என்னைப் பார்த்துவிட்டு அவள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். அவள் பெண்கள் அவளை அம்மி என்று கூப்பிடுவார்கள், அவர்கள் வீட்டில் அம்மாவுக்கு அதுதான் பெயர். நீயும் அன்றிலிருந்து அம்மி என்றாய். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் அங்கன்வாடியில் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊட்டிக்கொண்டிருந்தேன், என் பிள்ளை தானே வளரவில்லை, அவள் வீட்டில் வளர்ந்தது. நன்றி சொல்லவேண்டிய இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது. ரம்ஜானுக்கு அவள் கொடுத்தனுப்பும் பிரியாணியை ‘உப்புக் கம்மி’ என்று சொல்லிக்கொண்டே சட்டியை வழித்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

அப்புறம் எனக்கு ஓட்டர் லிஸ்ட் வேலை கொடுத்தார்கள். நம் பகுதியின் வாக்குச்சாவடிக்கு நான்தான் பி.எல்.ஓ., பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர். வீடு வீடாகப் போய்ப் பதினெட்டு வயதானவர்களைச் சேர்க்கவேண்டும், செத்தவர்களையும் ஊர் மாறியவர்களையும் நீக்க மனு வாங்கவேண்டும். அந்த விஷயத்தில் நான் ஈவு இரக்கம் பார்த்ததில்லை. உன் அப்பாவைப் பெற்றவளின் பெயரைக் காரியம் முடிந்த மறுநாளே நீக்க எழுதிவிட்டேன். கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரை அவரவர் புருஷன் ஊருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லித் தெருவில் பகை வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு பெயரை மட்டும் தொடவில்லை. உன் பெயரை.

நீ ஜெர்மனிக்குப் போனபோது அதில் ஒன்றும் தப்பில்லை. வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறவரை ஓட்டுரிமை உண்டு. அதற்கென்று தனியாக ஒரு படிவம் இருக்கிறது, நேரில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அன்றே இங்கே உள்ள குடியுரிமை போய்விடும். அதோடு ஓட்டும் போயிற்று. நீ அந்த ஊர்ப் பாஸ்போர்ட் வாங்கிய செய்தி எனக்கு எப்படித் தெரிந்தது, நினைவிருக்கிறதா? நசீமாக்கா லட்டோடு வந்தாள். “டீச்சர், வாயத் தொற. நம்ம பையன் ஜெர்மன்காரனாய்ட்டான்” என்றாள். எனக்கு நீ மறுநாள்தான் போன் செய்தாய். பாதி லட்டைத் தட்டில் வைத்துவிட்டேன். அன்றைக்கே உன் பெயரை நீக்கியிருக்கவேண்டும். நீக்கவில்லை. நம் வீட்டு எண்ணுக்கு நேராக, உன் அப்பா பெயருக்கும் என் பெயருக்கும் கீழே, உன் பெயர் அந்த ஒரு பட்டியலில்தான் மிச்சம் இருந்தது. அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். “இன்னாடி இது, ஓட்டர் லிஸ்ட்டா, ரேஷன் கார்டா?” என்றார். ரேஷன் கார்டில்கூட உன் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்களே, அப்போது நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி என்றேன். நான்கு மாதம் கழித்து நசீமாக்கா எம்.பி. தேர்தலுக்கு நின்றாள். தையல் பெண்களுக்காக இருபது வருஷம் கம்பெனி வாசலில் நின்று பேசியவள், அதற்குப் பொருத்தமாகத் தையல் மெஷின் சின்னமும் கிடைத்தது. உனக்கு உடனே லீவு கிடைத்துவிட்டது. டூரிஸ்ட் விசாவில் பறந்து வந்தாய். பெட்டியை வைத்துவிட்டு ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல், “அம்மியப் பாத்துட்டு வந்துர்றேம்மா” என்று போனவன், ஒன்பது நாளும் அவள் பின்னாலேயே ஆட்டோவில் சுற்றினாய். கழுத்தில் தையல் மெஷின் போட்ட துண்டு. அவள் உன்னிடம் போஸ்டருக்குக்கூடக் காசு வாங்கவில்லை. வேட்பாளர் வெளிநாட்டுப் பணத்தைத் தொடக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். உறவுக்காரர் கொடுத்தால் அதற்கு வேறு விதி என்று எங்கள் பி.எல்.ஓ. பயிற்சிக் கூட்டத்தில் ஒரு அதிகாரி சொன்னார். சட்டத்தின் கண்ணுக்கு அவள் உனக்கு உறவே இல்லை என்பதைக் கேட்டு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா.

பணம் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆளும் கூடாது என்பது அவளுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பாஸ்போர்ட் மாறினால் பேரணாம்பட்டுப் பையன் மாறிவிடுவானா என்று இரண்டுபேரும் நினைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். சுற்றிப்பார்க்க என்று விசா வாங்கிக்கொண்டு வந்த அந்நிய நாட்டுக் குடிமகன் மேடை ஏறி ஓட்டுக் கேட்டால் அது விசா விதியை மீறியதாகும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். வந்த அன்றைக்கே, ‘துண்டைக் கழற்றுடா, வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. நீயாக என் பக்கத்தில் வந்து உட்காரவேண்டும் என்று காத்திருந்தேன். சட்டம் சொல்லி உன்னை உட்காரவைக்க எனக்கு ரோஷமாக இருந்தது.

எட்டாம் நாள் மொச்சைக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வயிற்றில் தையல் போட்ட இடம் இழுக்க இழுக்க அம்மியில் அரைத்து வைத்த குழம்பு. மதியம் இரண்டு மணிக்கு நீ போன் செய்து, “அம்மிகிட்டயே சாப்ட்டேம்மா, நீங்க சாப்புடுங்க” என்றாய். போனை வைத்தேன். அங்கன்வாடிக்குப் போனேன். பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. சுவரில் ஒட்டும் சார்ட்டுக்கு வைத்திருந்த வெள்ளைத் தாளில், அ ஆ எழுதும் அதே குண்டு எழுத்தில் எழுதினேன். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இன்னார் சுற்றுலா விசாவில் வந்து இந்த வேட்பாளருக்காகப் பிரச்சாரம் செய்கிறார், நடவடிக்கை எடுக்கவும். கீழே பெயர் போடவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறிக் குடியாத்தம் போய்த் தேர்தல் அலுவலகப் புகார்ப் பெட்டியில் போட்டேன்.

ஆமாம், நான்தான்.

திரும்பி வந்து பஸ் இறங்கினால் ஷூ கம்பெனி வாசலில் நீ மைக்கோடு நிற்கிறாய். ஷிப்ட் மாறும் நேரம், பெண்கள் கும்பலாக நின்று கேட்கிறார்கள். “அக்காமாரே, எங்க ஜெர்மன் கம்பெனிதான் இந்த ஊருல ஷூ வாங்குது. அம்மி ஜெயிச்சா இங்க ஆர்டர் ஜாஸ்தி வரும், நான் கேரண்டி” என்றாய். கைதட்டினார்கள். முன்வரிசையில் நின்ற ஒரு பெண், டிபன் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, “அப்ப ஜெயிக்கலன்னா ஆர்டர் கம்மியாய்டுமா சார்?” என்று கேட்டாள். நீ அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் இந்தச் சட்டம் எதற்கு என்று எனக்கே புரிந்தது. அதுவரை அது எனக்குப் படிவமும் பயிற்சிக் கூட்டமும்தான். நம் பிழைப்பு முழுக்க வெளிநாட்டுக்காரன் கையில் இருக்கிறது. தோலுக்கு என்ன கலர், செருப்புக்கு என்ன அளவு, என்ன விலை, எல்லாம் அவன் சொல்வதுதான். சரக்கு வாங்கும் பையர் வருகிறார் என்றால் கம்பெனிச் சுவருக்கு வெள்ளையடித்துக் கக்கூஸுக்கு சோப்பு வைக்கிறார்கள். அவன் சொல்லாத ஒன்று நம் ஓட்டுதான். அதையும் அவன் கம்பெனிச் சட்டை போட்டவன் வந்து, இங்கே போட்டால் சோறு என்று சொன்னால், அந்தப் பெண்ணுக்கு எது மிச்சம்? அவன் நம் ஊரில் பிறந்தவனாக இருப்பது இன்னும் மோசம், அவன் பேச்சை நம்பிவிடுவார்கள்.

நசீமாக்காவுக்கு விசா விதி தெரியாது, ஆனால் இது தெரிந்தது. உன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். “ஆர்டருக்கும் ஓட்டுக்கும் சம்பந்தம் கெடையாது. இவன் சொன்னத மறந்துடுங்க. இஷ்டம் இருந்தா போடுங்க, இல்லன்னா வாணாம்” என்றாள். பிறகு மைக்கை அணைத்துவிட்டு உன்னிடம், “இன்னா பேச்சு பேட்டா இது? அவங்க வயித்துல கைய வச்சி எனக்கு ஓட்டு கேக்குறியா? துண்டக் கழட்டு. வீட்டுக்குப் போ, உங்கம்மா ஒத்தையில கீறாங்க” என்றாள். நீ முகம் சிவக்கத் துண்டைக் கழற்றி ஆட்டோவில் எறிந்தாய். நான் பேச்சு காதில் விழும் தூரத்தில், டீக்கடைப் பக்கம் மறைவாக நின்றேன். ஒரே வேலையைத்தான் இரண்டுபேரும் செய்தோம். அவள் தன் ஓட்டுப் போனாலும் பரவாயில்லை என்று உன் முகத்துக்கு நேராகச் சொன்னாள். நான் குழம்பு மீந்துபோன கோபத்தில் பெட்டியில் போட்டேன். சட்டம் என் பக்கம் இருந்தது, நியாயம் அவள் பக்கம் இருந்தது.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். உன் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், இத்தனை நாளுக்குள் கிளம்பு என்றார்கள். அவர்களில் ஒருவர் ஓட்டர் லிஸ்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “இன்னாம்மா, உங்க பையன் பேரு இன்னும் இருக்கு? பி.எல்.ஓ. நீங்கதானே?” என்றார். பெட்டியில் கிடந்த மனுவில் உன்னை அந்நியன் என்று எழுதியவள் நான், லிஸ்ட்டில் உன்னை உள்ளூர்க்காரன் என்று வைத்திருந்தவளும் நானேதான். ஊருக்கு உபதேசம் செய்தவளுக்கு மெமோ கொடுத்து, அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உன் பெயரை நீக்கும் படிவத்தை என் கையாலேயே எழுதிக்கொடுத்தேன். அந்த மெமோ விஷயம் உனக்குத் தெரியும், அதற்காக நீ என்மேல் இரக்கப்பட்டாய். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மிதாம்மா மாட்டிவுட்டுட்டாங்க. மைக்க புடுங்கனப்பவே எனக்குத் தெரியும்” என்றாய். நான் இல்லை என்று சொல்லவில்லை. உன் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

நசீமாக்கா தோற்றாள், டெபாசிட்டும் போனது. அதிலிருந்து உன் போன் எனக்குத்தான் முதலில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேசுகிறாய். பெண் பார்த்த விஷயத்தை முதலில் என்னிடம்தான் சொன்னாய். நீ பிறந்ததிலிருந்து எனக்குக் கிடைக்காத இடம், ஒரு பொய்யால் கிடைத்தது. கிடைத்ததை விடவும் மனமில்லை. அவள் தெருவில் எதிரே வந்தால், “பையன் பேசறானா டீச்சர்? நல்லா கீறானா?” என்று கேட்பாள். “ஞாயித்துக்கெழம தவறாம பேசறான்க்கா” என்று அழுத்திச் சொல்லிவிட்டு வருவேன். எனக்கு வெட்கமே வந்ததில்லை.

நேற்று மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தாள். “கல்யாணமாமே, பள்ளிகொண்டாவுலயாமே? எனக்குச் சொல்லவே இல்ல பாத்தியா” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். “கல்யாணத்துக்கு வர்ற நாலு பேரு எங்க வூட்டுக்கும் வருவாங்க, கண்ணுல படும். இது என்கிட்ட இருக்கறது நல்லதில்ல, நீயே கிழிச்சிப் போட்டுடு” என்று ஒரு தாளை எடுத்து வைத்தாள். வேட்பாளர் என்று அவளிடம் விளக்கம் கேட்டு அப்போது வந்த நோட்டீஸ். அதோடு இணைத்திருந்த மனுவின் நகலில் என் குண்டு எழுத்து.

“எப்பத்துலருந்துக்கா தெரியும்?” என்று கேட்டேன்.

“நோட்டீஸ் வந்த அன்னிக்கே. எம் பொண்ணுங்க ரெண்டும் இந்த எழுத்தப் பாத்துதானே எழுதக் கத்துக்கினுச்சுங்க.”

“அவன் உங்களத்தான் நெனச்சிகினு கீறான். ஏங்க்கா சொல்லல?”

அவள் தாளை மடித்து என் பக்கம் தள்ளினாள். “என்மேல கோவமா இருந்தா எனக்குப் போன் பண்ணமாட்டான், அவ்ளோதான். உன்மேல கோவமா இருந்தா அவன் இந்த ஊருக்கு யாரப் பாக்க வருவான் டீச்சர்?” என்றாள். பிறகு காபி கேட்டாள், சர்க்கரை ஜாஸ்தியாகப் போடச் சொன்னாள். குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

மகனே, அழுதேன் என்று எழுதத்தான் ஆசை. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. இப்படி ஒன்றைச் செய்ய எனக்குத் தோன்றவில்லையே, இதிலும் இவளே முந்திக்கொண்டாளே என்றுதான் முதலில் நினைத்தேன். உன்னைப் பெற்றவள் உன்னைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் பொய் சொன்னாள். பெறாதவள் உன்னை என்னோடு வைக்க உன்னையே விட்டுக்கொடுத்தாள்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், அதனால் ஒன்று சொல்கிறேன். பொறாமை வந்தால் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடு. ‘நீ அவளோடு சாப்பிட்டுவிட்டாய், எனக்கு வலிக்கிறது’ என்று நான் அன்று போனிலேயே சொல்லியிருந்தால் நீ ஓடி வந்து இரண்டாம் தரம் சாப்பிட்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. சொல்லாமல் வைத்திருந்தால் அது நல்ல சட்டை போட்டுக்கொண்டு வெளியே கிளம்பும். என்னுடையது சட்டத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு குடியாத்தம் போனது. வரப்போகிற பெண்ணிடமும் இப்போதே சொல்லிவை, அவளைப் பார்த்தும் எனக்கு வயிறு எரியத்தான் போகிறது. எரியும்போது அவளிடமே சொல்கிறேன்.

உன் பட்டியலில் நசீமாக்காவின் பெயரை நானே எழுதிச் சேர்த்துவிட்டேன், முதல் பெயராக. கேட்டுவிட்டுச் செய்திருக்கவேண்டும், கேட்கவில்லை. பி.எல்.ஓ.வாக இருந்தபோது எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. உயிரோடு இருக்கிற ஒருவர் பெயரை நீக்குவதானால், அவருக்குத் தகவல் கொடுத்து, அவர் பக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் நீக்கவேண்டும். நீ அவளை ஒரு வார்த்தை கேட்காமல் நீக்கிவிட்டாய். இதைப் படித்ததும் முதலில் அவளுக்குப் போன் செய். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே. எனக்கு அப்புறம் பேசினால் போதும். பேசாவிட்டாலும் நான் கேட்கமுடியாது. என் பெயரை நீக்குவது என்று முடிவு செய்தால் மட்டும், விதிப்படி ஒருமுறை நேரில் வந்து என்னைக் கேட்டுவிட்டு நீக்கு. அன்றைக்கு மொச்சைக்கொட்டைக் குழம்பு வைக்கிறேன். அவளையும் கூட்டிக்கொண்டே வா.

உன் அம்மா